சாக்குப் போர்த்திய சிலை

மாடியில் கிடக்கும் அந்த இரும்புக் கட்டிலை இறக்கி முன்னறையில் போட்டு வை என்று மயிலாத்தாள் மகளிடம் போனில் சொன்னது காதில் விழாமல் இருந்திருந்தால், தென்காசியைத் தாண்டிய அந்தக் காலையில் நாச்சிமுத்துவைவிட நிம்மதியான மனிதர் அந்தச் சாலையில் இருந்திருக்க மாட்டார். வண்டி அவருடையது, ஸ்டியரிங் அவர் கையில், வெயில் இன்னும் ஏறவில்லை, தூரத்தில் காற்றாலைகள் யாருக்கோ சம்பாதித்துக் கொடுத்தபடி சுற்றிக்கொண்டிருந்தன. வண்டிக்குள்ளேயே அவர் பலகை அடித்துப் போட்ட படுக்கையில் மனைவி மயிலாத்தாள் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். மத்தியானத்துக்குள் தூத்துக்குடி, மகள் வெண்மணியின் வீடு, மீன்குழம்பு. வேறென்ன வேண்டும். ஆனால் அந்தக் கட்டில். அதை அவருக்குத் தெரியும். வெண்மணி நர்சுக்குப் படித்தபோது தொழிற்சங்க ஆபீசில் சும்மா கிடந்ததைத் தூக்கிவந்து பெயின்ட் அடித்துக் கொடுத்தவரே அவர்தான். ஒரு ஆள் படுத்தால் புரண்டு படுக்க முடியாது. இரண்டு பேருக்கு என்றால் பாய் போதும் என்றிருப்பாள், போன தடவை பாயில்தான் படுத்தார்கள். ஒரு ஆளுக்கு என்றால் எந்த ஆளுக்கு? அவருக்கு இருக்க முடியாது. வண்டியை விட்டு எந்த வீட்டிலும் படுப்பதில்லை என்று கோயமுத்தூரில் கிளம்பும்போதே அறிவித்தவர். தேனியில் அண்ணன் மகன் வீட்டு வாசலிலும், ராஜபாளையத்தில் மயிலாத்தாளின் அக்கா வீட்டு வாசலிலும் அறிவித்தபடி நடந்து காட்டியவர். ஆகவே கட்டில் அவளுக்கு. விருந்துக்கு வருகிறவளுக்கு யாரும் மாடியிலிருந்து கட்டில் இறக்குவதில்லை. தங்கிவிடப் போகிறவளுக்குத்தான் இறக்குவார்கள்.

கதவடைப்பு வரப்போவதை மில் வாசலில் நின்றே சொல்லிவிடக் கூடியவர் என்று ஒரு காலத்தில் அவருக்குப் பெயர் இருந்தது. நோட்டீஸ் ஒட்டுவது கடைசியில் நடக்கிற சடங்கு. அதற்கு வெகு முன்னாலேயே பஞ்சு லாரி வருவது குறையும். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கும், சங்கு நேரத்துக்கு ஊதும், மேனேஜர் என்றுமில்லாத அதிசயமாகத் தோளில் கை போட்டுப் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரிப்பார், தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி பெரிதாகும். விவரமில்லாதவர்கள் இனிப்பைத் தின்பார்கள். நாச்சிமுத்து குடோன் பக்கம் போய் எட்டிப் பார்ப்பார். பஞ்சுப் பேல் அடுக்கியிருந்த இடத்தில் தரை தெரிந்தால் தீர்ந்தது கதை. ஒருமுறைகூட அவர் கணிப்புப் பொய்த்ததில்லை, அதற்கு நன்றி சொன்னவர்களும் இல்லை. இப்போது தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்க்கிறார். அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் துவரம்பருப்பு டப்பா. பிளாஸ்டிக் டப்பா, உள்ளே இருப்பது வெளியே தெரியும், அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கிடக்கிறது. தென்காசியில் மளிகைக் கடை வாசலிலேயே வண்டியை நிறுத்தி, "பருப்பு வாங்கலையா அம்மிணி" என்று கேட்டார். "இருக்கறது போதுங்" என்றாள். அரிசிக்கும் அதே பதில். போதுமாம். இன்னும் திருச்செந்தூர் பாக்கி, கன்னியாகுமரி பாக்கி, திரும்புகிற வழியில் மதுரை பாக்கி, பாதிப் பயணம் அப்படியே கிடக்கிறது, பருப்பு போதுமாம். அதோடு சிரிப்பு வேறு. வாயைத் திறந்தால் ஒரு சண்டைக்காவது இடம் வைத்துப் பேசுகிறவள், ராஜபாளையத்திலிருந்து கிளம்பிய பிறகு சண்டையே போடவில்லை. குற்றாலத்தில் அருவியிலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவள் அவரைப் பார்த்து ஒரு காரணமும் இல்லாமல் சிரித்தாள். மேனேஜர் தோளில் கை போட்டாயிற்று. பஞ்சு வரத்து நின்றாயிற்று. இனி நோட்டீஸ்தான்.

வரட்டும். அவர் பார்க்காத நோட்டீசா. பாவூர்சத்திரம் சந்தை கடந்தது, மூன்றாவது கியரில் போட்டார், வண்டி இருமிவிட்டு ஒத்துக்கொண்டது. கோரிக்கை இல்லாத போராட்டம் உலகத்தில் கிடையாது, அவளுடைய கோரிக்கை என்னவென்று கண்டுபிடித்துவிட்டால் பேசித் தீர்த்துவிடலாம், பேச்சுவார்த்தை மேசையில் அவரை உட்காரவைத்துவிட்டு ஜெயித்து எழுந்தவர் கிடையாது. குளியலறையா. அது நியாயமான கோரிக்கை. பெட்ரோல் பங்க்கிலும் கோயில் மண்டபத்துப் பின்புறத்திலும் ஒரு பெண்பிள்ளை எத்தனை நாள்தான் வரிசையில் நிற்பாள். வண்டியா. வண்டியைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வராது. சங்கத்தின் பிரச்சார வண்டி அது. பழைய இரும்புக் கடைக்குப் போகவிருந்ததைக் குறுக்கே நின்று மறித்து ஓட்டிக்கொண்டு வந்தது அவர் என்றால், உள்ளே படுக்கை எங்கே, அடுப்பு எங்கே என்று சாக்பீஸால் கோடு கிழித்துக் கொடுத்தது அவள். ஜன்னல் திரைகள் பழைய பேனர் துணி. அவர் படுத்தால் கால்மாட்டில் "ளர் ஒற்று" என்று தெரியும், அவள் தலைமாட்டில் "வெல்க" முழுசாக இருக்கிறது. கூரையிலிருந்த கூம்பு ஒலிபெருக்கிகளில் ஒன்றைக் கழற்றிக் கவிழ்த்துக் கட்டி அதில் சின்ன வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள். பஞ்சாலைத் தெருக்களையெல்லாம் கிடுகிடுக்க வைத்த கூம்பு. அதே கூம்பின் முன்னால் மைக் பிடிக்கக் கற்றுக்கொண்ட பயல், பிறகு சங்கத்தை இரண்டாக உடைத்து ஒரு துண்டை முதலாளிக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, இப்போது மில் இருந்த நிலத்தில் எழும்பிய அடுக்குமாடியில் பால்கனியில் உட்கார்ந்து காபி குடிக்கிறான். கூம்பில் வெங்காயம் கிடப்பது எவ்வளவோ மேல். வெங்காயத்துக்கு ஒரு நேர்மை உண்டு. ஆனால் அவளைக் குறை சொல்லித் துண்டறிக்கை எழுத அவருக்கு முடியுமா என்றால் முடியாது. அவர் படித்ததெல்லாம் துண்டறிக்கைதான், பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு சரி, ஒரு தாளுக்குள் அடங்காத எந்த விஷயத்திலும் ஏதோ பித்தலாட்டம் இருக்கிறது என்பது அவர் கட்சி. மனதுக்குள் தாளை விரித்தார். தோழர் மயிலாத்தாளுக்கு. கண்டனமா? இல்லை. எச்சரிக்கையா? சே. வேண்டுகோள் என்று ஒரு வார்த்தை இருக்கிறது, மனு எழுதுகிறவர்களுக்கு உரியது, அவர் வாழ்நாளில் எந்தத் தாளிலும் அதை அச்சடித்ததில்லை. தலைப்போடு தாள் நின்றுவிட்டது.

அவர் பயந்தவர் இல்லை. பயம் என்றால் அது வேறு, இது முதுகு சம்பந்தப்பட்ட விஷயம். எந்த மேடையில் நின்றாலும் அவருக்குப் பின்னால் அவள் இருப்பாள், துண்டறிக்கைக் கட்டோடும் தண்ணீர்ச் செம்போடும். அவர் சட்டையின் பின்நுனி அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். ஒரு இழுப்பு என்றால் குரல் கம்முகிறது, நிதானம். இரண்டு என்றால் போதும், முடித்துக்கொள்ளுங்கள். மூன்று என்றால் போலீஸ். முன்னால் ஆயிரம் முகம் இருக்கும், அவர் பேச்சை ஓட்டியது அந்த நுனிதான் என்பது அவருக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். வண்டியிலும் அதுவே தொடர்ந்தது. அவள் முன்சீட்டில் உட்கார மாட்டாள், எதிரே வருகிற லாரியெல்லாம் மடியில் ஏறுகிற மாதிரி இருக்கிறதாம். பின்னால் படுக்கையின் தலைமாட்டில் இருந்தபடி கையை நீட்டி இழுப்பாள். ஒரு இழுப்பு மெதுவாக. இரண்டு இழுப்பு நிறுத்து. மூன்றாவதற்கு இப்போதெல்லாம் வேலை இல்லை, அவரைத் தேடி எந்தப் போலீஸும் வருவதில்லை, அதுவும் ஒரு வருத்தம்தான். அந்தக் கை இல்லாமல் கன்னியாகுமரி வரைக்கும் போய் அவர் எதைப் பார்ப்பது? கடலைப் பார்த்து என்ன சொல்வது, யாரிடம் சொல்வது? திரும்பி வரும்போது ஊரில் கேட்பார்கள். ஏன் நாச்சிமுத்தண்ணே, வண்டி மட்டும் வந்திருக்கு.

மூன்று இழுப்பை ஒரே ஒருமுறை அவர் மதிக்காமல் பேசிக்கொண்டே போனார். அதற்குக் கிடைத்த பரிசு இடது காலில் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பு சற்றே கோணலாகக் கூடிய இடம், அதை அவர் யாருக்கும் மறைத்ததில்லை, வேட்டியைத் தூக்கிக் காட்டியே பேசுவார். கொஞ்ச நாளாக அந்தக் கால் அவ்வப்போது மரத்துப்போகிறது. பழைய அடி, வயதானால் அப்படித்தான் இருக்கும். மயிலாத்தாளின் அக்கா மகன் முருகவேல், ராஜபாளையத்தில் மருந்துக்கடையில் இருப்பவன், அவன் ஒரு கதை சொன்னான். "சித்தப்பா, இது சர்க்கரையா இருக்கும்" என்றான். நாச்சிமுத்து சிரித்துவிட்டார். "சர்க்கரை முதலாளிக்கும் வரும்டா. தடியடி நமக்குத்தான் வரும்." அவன் விடவில்லை, பாயில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, துடைப்பக் குச்சியோ என்னவோ ஒன்றை வைத்துக்கொண்டு, எங்கே தொடுகிறேன் சொல்லுங்கள் என்றான். "பெருவிரல்" என்றார் உறுதியாக. சற்றுப் பொறுத்து, "குதிகால்" என்றார். "சுண்டுவிரல்." எதிலும் தயங்கவில்லை. கண்ணைத் திறந்தபோது பயல் குச்சியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே தண்ணீர் குடிக்கப் போய்விட்டான், அடுக்களையில் அவன் சித்தி மயிலாத்தாளோடு ஏதோ முணுமுணுப்பு, தோற்றுப்போனவனுக்கு வாய் எழாது. குற்றாலத்தில் அருவியிலிருந்து வண்டிக்கு நடந்து வந்த பிறகுதான் இடது கால் செருப்பு இல்லாததைக் கவனித்தார். கூட்டம் அப்படி. எவன் மிதித்து இழுத்துக்கொண்டு போனானோ. மயிலாத்தாள் கடைத்தெருவுக்குப் போய், பின்னால் வார் வைத்த செருப்பாகப் பார்த்து வாங்கிவந்து, "இது உங்களுக்கு எடுப்பா இருக்குங்" என்று குனிந்து தானே மாட்டிவிட்டாள். எடுப்பாகத்தான் இருக்கிறது. அதுவும் அந்தச் சிரிப்பு வரிசையில் சேர்த்துக்கொள்ள வேண்டியது. போகிறவள் செய்துவிட்டுப் போகிற நல்லது.

ஆலங்குளத்துக்கு முன்னால் இரண்டு இழுப்பு. கொஞ்ச தூரமாகவே ஒரு கருகல் வாடை அடித்துக்கொண்டிருந்தது, முன்னால் போன செங்கல் லாரியின் டயராக இருக்கும். நிறுத்தினார். "என்ன அம்மிணி?" "அந்தச் செலையப் பாத்துட்டுப் போலாங்." முக்கில் ஒரு பீடத்தின் மேல் சிலை நின்றது. ஆனால் அதற்குத் தலையிலிருந்து கால்வரை சாக்குப் போர்த்திக் கயிறு சுற்றியிருந்தது, தேர்தல் நேரத்தில் மூடுவார்களே அந்த மாதிரி. "மூடி வெச்சிருக்கறதுல என்னத்தப் பாக்கறது?" "யாருன்னு தெரியுதா பாருங்." "சாக்கு மூட்டைய வெச்சு ஆளைச் சொல்ல முடியுமா? கை நீட்டிட்டு நிக்குது. கை நீட்டறவன் எல்லாக் கட்சியிலயும் இருக்கான்." "எறங்கி நின்னு சொல்லுங், வண்டிச் சத்தத்துல பின்னாடி கேக்க மாட்டேங்குது." இறங்கினார். கேட்கிற ஆள் இருந்தால் அவருக்கு இறங்காமல் முடியாது. டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்தாள். சிலை வைக்கிற அரசியலைப் பற்றி அவர் ஆரம்பித்தார், உயிரோடு இருந்தபோது பேசவிடாதவனைச் செத்தபின் சிமென்டில் பேசவைக்கிறார்கள் என்று வளர்த்தார், நடுவில் டீக்கடைக்காரரையே கேட்டார், அது யார் சிலை என்று. "எங்களுக்கே மறந்துபோச்சு அண்ணாச்சி. எலெக்சனுக்கு மூடுனாக. தொறக்க ஒருத்தனும் வரல." "நீங்க தொறக்க வேண்டியதுதானே?" "தொறந்தா நீ என்ன கட்சிம்பான். எனக்கு டீ ஓடணும்லா." நாச்சிமுத்துவுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போய் அதையும் விளக்க ஆரம்பித்தார். மயிலாத்தாள் அதற்குள் ஈரத்துணியோடு வந்து அவர் செருப்பைக் கழற்றி, உள்ளங்கால், விரலிடுக்கு என்று துடைத்துக்கொண்டிருந்தாள். மண்ணோடு வண்டிக்குள் ஏறக் கூடாதாம். சிலை பக்கம் அவள் திரும்பவே இல்லை.

இந்த ஆசைதான் அவருக்குப் புரியாதது. ஆயுசு முழுக்க எதையும் பார்க்க வேண்டும் என்று கேட்காதவள். மில் ஷிப்ட், வீடு, வாசல் கூட்டம், மாநாட்டு மேடை, ஜெயிலுக்குச் சாப்பாட்டுத் தூக்கு, இதுதான் அவள் கண்ட உலகம், சினிமாவுக்குக்கூட இன்றைக்குப் போகலாமா என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. இந்தப் பயணத்தில் என்னவென்றால் ரோட்டில் நிற்கிற எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். உடுமலைக்கு இந்தப் பக்கம் ஒரு காற்றாலையைப் பார்க்க வேண்டும், ஒன்றைப் பார்த்தால் போதாது, கொஞ்ச தூரத்தில் அதே மாதிரி இன்னொன்று. வைகை அணை, அது சரி. ஒரு குளத்தில் வாத்து மேய்ப்பவன். செங்கல் சூளை. தண்ணீரில்லாத ஒரு கண்மாய். உழைத்துத் தேய்ந்த பெண்ணுக்கு ஊர் பார்க்கிற உரிமை உண்டு, அதைத் தடுத்தால் தான் இவ்வளவு நாள் பேசியதற்கெல்லாம் அர்த்தமில்லை என்று ஒவ்வொரு தடவையும் பெருந்தன்மையாக நிறுத்தினார், இறங்கினார், விளக்கினார். இப்போது யோசித்தால் அதுவும் புரிகிறது. வண்டியோடு ஒரேயடியாகக் கணக்கு முடிக்கிறவள், முடிப்பதற்குள் கண்ணில் படுவதையெல்லாம் பார்த்துக்கொள்கிறாள். திருநெல்வேலியைச் சுற்றிப் போகும்போது ரவுண்டானாவில் ஒரு பஸ்ஸின் முதுகுவரை போய் வண்டி உதறி நின்றது. பஸ்காரன் பிரேக் போட்டதுதான் தப்பு. கண்ணாடியில் பார்த்தார். மயிலாத்தாள் எழுந்து உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள், முகம் வெளுத்திருந்தது. "ஒண்ணுமில்ல, படு" என்றார். அவள் படுக்கவில்லை. இரண்டு இழுப்பு வந்தது. "அந்த ஆத்தக் கொஞ்சம் பாத்துட்டுப் போலாங்." பாலத்துக்குப் பக்கத்தில் நின்று தாமிரபரணியைப் பார்த்தார்கள். நல்ல ஆறு. அவள் அதையாவது பார்த்தாளா என்று இவர் கவனிக்கவில்லை.

நாலுவழிச் சாலை. வல்லநாட்டு மலை வந்து பின்னால் போயிற்று. சாலை நேராகக் கிடந்தது, கியர் மாற்ற வேண்டியதே இல்லை, இந்த மாதிரிச் சாலையில்தான் மனது தறிகெட்டு ஓடும். சண்டை போட்டுப் பார்க்கலாமா. இறங்கினவுடனே, வாசலிலேயே, கட்டில் கண்ணில் பட்டதும், இதென்ன என்று ஆரம்பித்துவிடலாமா. மருமகன் அமலதாஸ் நல்ல பையன், துறைமுகத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவான், இவர் அதைப் பற்றிக் கிண்டல் செய்தால் சிரித்துக்கொண்டே, மாமா உங்களுக்கும் சேத்துத்தான் வேண்டிக்கிட்டேன் என்பான். அவன் முன்னால் சத்தம் போடக் கூடாது. தனியாகக் கூப்பிட்டு... என்னவென்று? போகாதே என்றா? போராட்டக்காரனை நிர்வாகம் கேட்கிற மாதிரி, என்ன குறை வைத்தேன் என்றா? அந்தக் கேள்வியைக் கேட்ட முதலாளிகளின் முகமெல்லாம் வரிசையாக வந்தது, ஒவ்வொன்றையும் பார்த்து அவர் சிரித்திருக்கிறார். அப்போது மறுபடி அந்தக் கருகல் வாடை. முன்னால் லாரி இல்லை. பின்னாலும் இல்லை. சூளை கிடையாது, டயர் எரிக்கிறவன் யாரும் கிடையாது, இரண்டு பக்கமும் முள் நிறைந்த உடைமரமும் வெட்டவெளியும்தான். வாடை வண்டிக்குள்ளிருந்து வந்தது. கீழே குனிந்து பார்த்தார். இடது கால் கிளட்ச் மேல் இருந்தது. அவர் வைக்கவில்லை. எடுத்து எவ்வளவோ நேரமாயிற்று என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கால் தன்பாட்டுக்கு அங்கே பாரம் போட்டு உட்கார்ந்துகொண்டு, கிளட்சைக் கருக்கிக்கொண்டிருந்தது, வார் வைத்த எடுப்பான செருப்போடு. எடு என்றார். அது எடுத்ததா இல்லையா என்று காலைக் கேட்டால் பதில் இல்லை, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மயிலாத்தாள் மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங் பிரிவில் வேலை பார்த்தவள். பஞ்சாலையில் தீ கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு நேரம் முன்னாலேயே மூக்குக்குத் தெரியும், எங்கோ ஒரு பெல்ட் உரசி நூலாம்படையைக் கருக்குகிற வாடை, அது தெரியாத மூக்கோடு அங்கே யாரும் ரொம்ப நாள் பிழைத்ததில்லை. அந்த மூக்கோடு அவள் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறாள், கோயமுத்தூரிலிருந்து. காற்றாலை. அதற்கு முன்னால் வாடை அடித்தது, டீசல் என்று நினைத்தார். இரண்டாவது காற்றாலை. வாத்து மேய்ப்பவன், அப்போதும்தான், சேற்று நாற்றத்தோடு கலந்து. சூளை, சூளை என்றால் கருகத்தான் செய்யும் என்றே விட்டுவிட்டார். தண்ணீரில்லாத கண்மாயில் இறங்கி நீர்ப்பாசன ஊழலைப் பற்றி எவ்வளவு நேரம் பேசினார், அவ்வளவு நேரமும் அவள் அவர் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள், இப்போது தெரிகிறது, கேட்டுக்கொண்டு நின்ற முகமில்லை அது. சாக்குப் போர்த்திய சிலையை யாராவது இறங்கிப் பார்ப்பார்களா. ராஜபாளையத்துப் பயல் குச்சியால் தொட்டானா, தொடாமலேயே உட்கார்ந்திருந்தானா. பெருவிரல் என்று எவ்வளவு கம்பீரமாகச் சொன்னார். அடுக்களை முணுமுணுப்பு. செருப்பு. கட்டில். ஒற்றைக் கட்டில், முன்னறையில், மாடி ஏற முடியாத ஒரு ஆளுக்கு, மகள் நர்சாக இருக்கிற வீட்டில். கதவடைப்பு என்று கண்டுபிடித்தது சரிதான், கணிப்பு இந்தத் தடவையும் பொய்க்கவில்லை. கதவுக்கு வெளியே நிற்கப் போகிறவர் யார் என்பதில்தான் ஆள் மாறிப்போயிற்று. சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது, அவருக்கு இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் வரும். எத்தனை பெரிய சதி. ஒரு துண்டறிக்கை இல்லை, ஒரு கூட்டம் இல்லை, ஊர் ஊராக அவரை நிறுத்தி இறக்கி உட்காரவைத்து, அவரே பெருந்தன்மையாக நிறுத்தியதாக அவரையே நம்பவைத்திருக்கிறாள். இப்படி ஒரு ஆள் சங்கத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்திருந்தால், என்று நினைத்தவர், இருந்தாளே என்று நிறுத்திக்கொண்டார்.

வாடை பரவியிருக்கும். இப்போது சட்டை நுனியில் இழுப்பு வர வேண்டும். பார்க்கிறதற்குத்தான் ஒன்றுமில்லை, அவள் தேடிக்கொண்டிருப்பாள் பாவம், உடைமரத்தைக் காட்டி என்னவென்று சொல்வது. துறைமுகத்துப் பக்கம் திரும்பியதும் இரண்டு பக்கமும் தரை வெள்ளையாகிவிட்டது. உப்பளம், பாத்தி பாத்தியாக, ஓரங்களில் குவித்து வைத்த உப்பு கண்ணைக் கூசவைத்தது. நாச்சிமுத்து ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் காலை வைத்தார், எடுத்தார். "ஏனுங், நான் இழுக்கவே இல்லீங்களே" என்றாள் மயிலாத்தாள் பின்னாலிருந்து. "தெரியும். உப்பளம் பாக்கணும்." "உப்பளமா?" "ஆமா. நான் பாத்ததில்ல." பச்சைப் பொய். உப்பளத் தொழிலாளர் மாநாட்டில் இதே ஊரில் பேசியவர், அவள் அதே மேடையில் தண்ணீர்ச் செம்போடு பின்னால் இருந்தவள். இறங்கிப் போய்ப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தாள், வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள், கையை நீட்டவில்லை, எட்டும் தூரத்தில் தோளை மட்டும் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் அந்தத் தோளைப் பிடித்து இறங்கினார். வரப்பில் உப்பு நொறுங்கும் சத்தம் கேட்டது, வலது காலுக்குக் கீழே தெரிந்தது, இடது காலுக்குக் கீழே வெறும் சத்தம். குவியலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தார்கள். வெள்ளையைத் தவிர வேறு ஒன்றுமில்லை. அவர் விளக்கவில்லை. அவளே கேட்டாள். "எவ்வளவு நேரம் பாக்கணுங்?" "கால் வர்ற வரைக்கும்." அவள் திரும்பி அவரைப் பார்த்தாள், பிறகு உப்பைப் பார்த்தாள், முதல் தடவையாக உண்மையிலேயே பார்த்தாள். "வராட்டிங்?" "வராட்டி உம்மருமகனுக்குப் போனைப் போடு. வந்து ஓட்டட்டும்." "செரிங்." "அந்தச் செலைக்கு இது தேவலை, இல்லியா?" முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது, சிரிப்பு என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். "அந்தக் கட்டில் உனக்குன்னு நெனச்சேன்." "எனக்கெதுக்குங் கட்டிலு. நான் கீழ படுத்தா எந்திரிச்சுக்குவேன்." "வண்டிய யாருக்கும் குடுக்க முடியாது." "யாருங் கேட்டா?" "வெண்மணி வீட்டு வாசல்ல நிக்கணும்." "அந்தச் சந்துக்குள்ள வண்டி போகாதுங்." "அப்ப முக்குல. நான் கட்டில்ல படுத்தா கண்ணுக்குத் தெரியற மாதிரி." அவள் யோசித்தாள். "ஜன்னலோரமாப் போடச் சொல்றனுங்." "ம்." "வெண்மணி டாக்டர்கிட்டச் சொல்லி வெச்சிருக்கா. சும்மா ஒரு தடவ பாக்கறதுக்குத்தானுங்." "வழியெல்லாம் பாத்துட்டுத்தான் வந்தோம், இன்னும் என்ன பாக்கி?" "இது ஒண்ணு பாக்கிங்." அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிற நேரத்தில் செய்வதுபோல் மூக்கைச் சொறிந்தார். "சர்க்கரைன்னு மட்டும் எவனும் எழுதக் கூடாது" என்றார். "எழுதினா நீங்க கிழிச்சுப் போட்டுருங்" என்றாள் அவள், போனை எடுத்தபடியே.

அமலதாஸ் யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு வந்து இறங்கினான். "சும்மா வந்தேன் மாமா, இந்த வண்டியை ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை" என்றான். குடும்பமே ஆசைப்படுகிற குடும்பமாகிவிட்டது. நாச்சிமுத்து சாவியைக் கொடுத்தார், பின்பக்கமாக ஏறிப் படுக்கையின் தலைமாட்டில் மயிலாத்தாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இங்கிருந்து பார்த்தால் எல்லாமே வேறாக இருந்தது. டிரைவர் சீட்டின் முதுகு அவர் முதுகின் அளவுக்குக் குழிந்து கிடப்பது தெரிந்தது. கூம்பில் வெங்காயம் ஆடியது. எஞ்சின் சூடு, வெங்காயம், அடுப்பு எண்ணெய், எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கருகல் மெல்லியதாக இருந்தது. இதை முகர்ந்துகொண்டுதான் வந்திருக்கிறாள். ஜன்னல் திரையில் "வெல்க" காற்றுக்கு உப்பி அடங்கியது. அமலதாஸ் முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு வண்டியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனான், சர்ச்சுக்குப் போகிறவன் இவ்வளவு கொடுமை செய்யக் கூடாது. ஒரு மேட்டில் தூக்கிப் போட்டதும் நாச்சிமுத்துவின் கை தானாக நீண்டு அவன் சட்டை நுனியை ஒருமுறை இழுத்தது. "என்ன மாமா?" என்று அவன் திரும்பினான். "ரோட்டப் பாருங் மாப்ள" என்றாள் மயிலாத்தாள். "ஒருக்கா இழுத்தா மெதுவாப் போகோணும்னு அர்த்தம்." "ரெண்டு தடவ இழுத்தா, அத்தை?" "அவருக்கு ஏதோ பாக்கோணும்னு அர்த்தம்." ஊர் ஆரம்பித்தது. பங்க், வல்லப் படகுக்கு வண்ணமடிக்கும் பட்டறை, ஐஸ் பேக்டரி, அதை அடுத்து ஒரு மளிகைக் கடை, வாசலில் சாக்குகளின் வாயைச் சுருட்டி வைத்திருந்தார்கள். நாச்சிமுத்து நன்றாகக் குனிந்து, இரண்டு முறை இழுத்தார். வண்டி நின்றது. மயிலாத்தாள் கடையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இங்க என்னங் பாக்கணும்?" "துவரம்பருப்பு" என்றார் அவர். "கன்னியாகுமரி அப்படியே கெடக்குது." "எவ்வளவுங் வாங்கட்டும்?" "டப்பா நெறைய."